அழிக்கச் சொன்ன எச்சில்

"என் தங்கச்சியோட எச்சிலை அழிச்சிடுங்க. பேரு, ஊரு, எல்லாத்தையும்."

எந்த அலுவலகத்துக்கும் போய் எங்களை நீக்குங்கள் என்று கேட்கவே கூடாது என்பது அம்மாவின் கட்டளை. கேட்டாலே ஒளிந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடுமாம். போலீஸ் கொடுத்த புதுப் பெயர்களோடு நாங்கள் மூவரும் வடதுருவத்தை ஒட்டிய ஷெர்வோய் தீவில் வாழ்கிறோம். அப்பா என்கிற அந்த ஆள் கண்டுபிடித்தால் அம்மாவைக் கொன்றுவிடுவான். ஒருமுறை பாதிக் கொலை செய்தும் பார்த்தான். அம்மா மீன் ஆலையில் நின்று என்னைச் சட்டம் படிக்க வைத்தாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கேட்டால் அழித்தே ஆக வேண்டும் என்று நான் படித்த சட்டம் சொல்கிறது. கேட்டேன்.

ட்ரோம்சோ நகரத்தில், எச்சிலைச் சோதித்து வம்சத்தைச் சொல்லும் டிஎன்ஏ நிறுவனத்தின் மேசையில் இருந்தவள் போர்கில்ட். அம்மா வயதிருக்கும்.

"ஏன் கண்ணு, வைக்கிங் ரத்தம் கொறைச்சலா வந்துடுச்சா?"

கைபேசியில் தங்கை ராக்னாவின் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். கிறிஸ்துமஸுக்கு அவளும் தோழிகளும் சேர்ந்து விளையாட்டாகக் குழாயில் துப்பி அனுப்பியிருக்கிறார்கள். என் தங்கை ஜாக்கிரதைக்காரி. பொய்ப் பெயர் கொடுத்தாள், படம் போடவில்லை. ஊர் கேட்ட இடத்தில் மட்டும் யோசிக்காமல் ஊரை எழுதிவிட்டாள். எச்சிலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உறவுகள் என்ற இடத்தில் முதல் வரி: தந்தை. அந்த ஆளும் துப்பி அனுப்பியிருக்கிறான். அதன் கீழே, ஞாயிற்றுக்கிழமை வந்த செய்தி.

'சின்னவளா, பெரியவளா? படகு நேரம் பாத்துட்டேன்.'

போர்கில்டின் சிரிப்பு நின்றது. தணிந்த குரலில் விளக்கினாள். அழிப்பதற்கு ஒரு பொத்தான் போதும். ஆனால் அழித்த நொடியே, உங்கள் உறவினர் நீங்கிவிட்டார் என்று அவனுக்கு அறிவிப்பு போகும். அதை நிறுத்த அவளால் முடியாது. ராக்னாவின் பக்கத்தை அவன் ஏற்கெனவே பதிவிறக்கி வைத்துக்கொண்டான்.

"அப்போ எதைத்தான் அழிப்பீங்க?"

"எங்ககிட்ட இருக்கறத, கண்ணு. அவன்கிட்ட இருக்கறத இல்ல."

பின்னால் கதவு திறந்தது. திரும்பினால், தபால்காரர், கையில் ஒரு பெட்டி நிறைய யார் யாருடையதோ எச்சில். அந்த ஆளின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காலையில் படகில் நரைத்த தலை ஒன்று எனக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தது. அதுகூட அவனாக இருக்கலாம்.

அடுத்த வாரம் நகராட்சியில் எனக்கு வேலை ஆரம்பம். அதையும் தின்றுவிட்டான்.

அம்மாவை அழைத்தேன். "ஆலையை விட்டு வெளிய வராதம்மா. ராக்னாவையும் அங்கயே வரச் சொல்லு. போலீஸ்கிட்ட நான் பேசறேன்." ஆலை இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: எந்தப் பையை எடுக்க?

"எதையும் எடுக்காத. வீட்டுக்கே போகாத."

போர்கில்டின் விரல் பொத்தான்மேல் இருந்தது.

"இப்ப வேணாம்" என்றேன். "ஆபீஸ் மூடும்போது அழுத்துங்க."

"அதுக்குள்ள?"

"அதுக்குள்ள அந்த ஊர்ல நாங்க இருக்க மாட்டோம்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தெருவில் நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.