ஈரம் புகாத அறை

விடியுமுன்பே மூட்டை தூக்கத் தொடங்கிவிடுவோம். ஜூலை மாதத்து நெப்ராஸ்காவில் அதிகாலையே புழுங்கும். ஆனால் எங்கள் அறைக்குள் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. இரட்டைக் கதவு, வறண்ட காற்று, வெடித்த உதடு. மூட்டையில் இருப்பவை வெள்ளைச் செதில்கள். சோளச் சர்க்கரையைப் புளிக்க வைத்து எடுத்த அமிலம், வளையம் வளையமாக மூலக்கூறு கட்டி உறைந்தது. உலையில் கொட்டினால் உருகும். வெள்ளீயம் கலந்த ஊக்கி மருந்து துளி பட்டதும் வளையம் திறந்து பக்கத்து வளையத்தைப் பிடிக்கும். அதுவும் திறந்து அடுத்ததைப் பிடிக்கும். அப்படி நீளும் சங்கிலிதான் பாலியெஸ்டர் பிளாஸ்டிக். நடுவில் தண்ணீர் புகுந்தால் சங்கிலி குட்டையாகிவிடும், சரக்கு நொறுங்கும்.

இதையே சாக்காக வைத்து, ஷிஃப்ட் முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்றார்கள். கழிப்பறையோ அந்தக் கதவுக்கு வெளியே. மனுஷ உடம்பு என்ன குழாயா, திருகி மூடி வைக்க? நான் காபியை விட்டேன். அதுவும் போதவில்லை. பிறகு என்ன செய்தேன் என்பதை என் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று காலை ஆலை மேலாளர் கெஸ்லர் உள்ளே வந்தார். நேற்றைய சரக்கில் வார்த்த பட்டையை எங்கள் முகத்துக்கு நேரே ஒடித்தார். பிஸ்கட் மாதிரி போனது.

"யாரு கதவத் தொறந்தது?"

"யாரும் தொறக்கல சார்." ரோசால்பா சொன்னாள். குவாத்தமாலாக்காரி, எங்கள் ஆறு பேரில் இளையவள். தோளில் மூட்டையோடு நின்றாள்.

"காத்த உலர்த்துற மெஷின் இழுத்துக்கிட்டுக் கெடக்கு. எத்தன தடவ சொல்றது?" என்றார் எங்களோடு மூட்டை தூக்கும் வெர்லின்.

"மெஷினப் பத்தி நீ பேசாத."

சொல்லிவிட்டு கெஸ்லர் கீழே பார்த்தார். ரோசால்பாவின் கால்சட்டையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"அப்பவே கேட்டேனே சார், வெளிய போகணும்னு..."

"அடச்சீ! இதோ இருக்கே ஈரம்! சரக்கு ஏன் கெடாது? கெளம்பு. திரும்பி வராத."

அவள் மூட்டையை இறக்கி முன்னால் மறைத்துக்கொண்டாள். நாங்கள் தரையைப் பார்த்தோம். நல்லவேளை நான் இல்லை என்று நினைத்தேன். நினைத்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. தூ, நானும் ஒரு பெண்ணா!

வெர்லின் தம் மூட்டையை மெல்ல இறக்கினார். ஆறடி ஆள், சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது.

"கெஸ்லர், நான் டயபர் கட்டியிருக்கேன்."

"என்னது?"

"பெரியவங்க கட்டுறது. ரொம்ப நாளா. டார்லா, அன்னிக்குக் கடையில பாத்தியே, மாமியாருக்குன்னு சொன்னேனே? மாமியார் செத்து எவ்வளவோ காலமாச்சு."

அன்று என் கூடையிலும் அதே பொட்டலம். நாய்க்குட்டிக்கு என்று புளுகியிருந்தேன். என் வீட்டில் நாயே கிடையாது.

"நானுந்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "நானும் கட்டியிருக்கேன்!" என்று மறுபடி கத்தினேன்.

"நானும்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். அப்புறம் மற்ற இருவரும். அட பாவிகளா, ஒரே அறையில் ஒருவருக்கொருவர் தெரியாமல் இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்தோமே!

"அசிங்கம் பேசாதீங்க. உலை காயுது, மூட்டையப் போடுங்க."

"உள்ள இருக்கறது முடியட்டும். புது மூட்டை விழாது" என்றார் வெர்லின். "வேலைக்கு நடுவுல கதவு தொறக்கணும். அந்தப் பொண்ணு வேலையில இருக்கணும்."

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. ஏன்னு ஊருல கேப்பாங்க. சொல்லுவோம்."

இப்போது கெஸ்லரின் முகம் சிவந்தது. தொலைபேசியைத் தேடிப் போனார்.

நான் உலையின் கொட்டுவாயை இறுக மூடிவிட்டு இரண்டு கதவையும் திறந்தேன். வெர்லின் தம் மேல்சட்டையைக் கழற்றி ரோசால்பாவிடம் நீட்டினார். அவள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கழிப்பறைக்குள் போனாள். வாசலில் ஐந்து பேரும் வரிசையாக நின்றோம். மேலிடத்திலிருந்து என்ன வரும், யார் வேலை மிஞ்சும், ஒன்றும் தெரியாது.

வெளியே வந்தவள் எங்களைப் பார்த்துத் திகைத்தாள்.

"என்னால உங்க எல்லாரோட வேலையும் போயிடுமே..."

"போனாப் போகட்டும், நீ இங்கயே நில்லு" என்றேன்.

"பேச்சப் பொறவு வச்சுக்க, டார்லா" என்றார் பின்னால் நின்ற வெர்லின். "மொதல்ல உள்ள போ. எனக்கு முட்டுது!"