ஆறாம் எண் கல்லறை

வலது காலுறை ஏறிவிட்டது. இடதுதான் குதிகாலில் சிக்கிக்கொண்டது. அன்னக்குட்டி கணவனின் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இழுத்தாள். குரியச்சனுக்கு ஐம்பத்திரண்டு வயது. நேற்று மதியம், கப்பைக்கிழங்குக்கு மீன்குழம்பு கேட்டவர் அவள் ஊற்றுவதற்குள் சாய்ந்துவிட்டார்.

வெளியே பந்தலில் அவருடைய தம்பி தேவசியா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் மிளகுக்கொடியை வெட்டிட்டு வனிலா நட்டார். வனிலா விலை விழுந்ததும் முயல். முயல் செத்ததும் படகுவீடு. படகு வாங்குற மனுஷன் பாலத்தோட உயரத்தைப் பாக்க வேண்டாமா? மூணு வருஷமா பாலத்துக்கு இந்தப் பக்கமே நிக்குது."

"மழையில தண்ணி ஏறினா போகாதா?"

"ஏறினா இன்னும் முட்டும்டா!"

சிரிப்பு எழுந்து, இருமலாக மாறி அடங்கியது.

சிறிது நேரத்தில் தேவசியா உள்ளே வந்தான். பின்னால், கல்லறைத் தோட்டத்தைக் கவனிக்கும் கோயில்பிள்ளை வர்க்கி, தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"சேச்சி, கல்லறை விஷயமா..."

"ஆறாம் நம்பர்தானே. ரோஸ்மோள் பக்கத்துல வெச்சிருங்க."

அவர்களுடைய மகள் ரோஸ்மோள் நான்கு வயதில் காய்ச்சலில் போனவள். பத்தொன்பது வருடம் ஆகிறது. அவளுக்காகத்தான் அந்தக் கல்லறையையே வாங்கினார்கள்.

வர்க்கி தரையைப் பார்த்தார். "ஆறு இப்ப டயர்க்கடை பௌலோஸோடது, சேச்சி. போன வருஷம் தவக்காலத்துல நம்ம குரியச்சன் அச்சாயன்தான் வித்துட்டாரு. படகு இன்ஜினுக்காம். 'அன்னக்குட்டிகிட்ட மூச்சு விடாதே வர்க்கி, ஓணத்துக்குள்ள மீட்டுருவேன்'னாரு."

"அதுல இருந்த என் பிள்ளை?"

"கல்லறை கைமாறினா பழைய எலும்பெல்லாம்... மதில் மூலை அஸ்திக் கிணத்துக்குத்தான். வழக்கம் அதானே."

அந்தத் தவக்காலத்துக்குப் பின் வந்த நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்களின் திருநாளன்று, இருவரும் ரோஸ்மோளின் கல்லறைக்குப் போயிருந்தார்கள். நல்ல காற்று. அவள் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் முடிக்கும்வரை குரியச்சன் இரண்டு கைகளாலும் சுடரை மறைத்துக்கொண்டு குனிந்தே நின்றார். பெயர்க்கல் எங்கே என்று கேட்டாள். பாலிஷ் போட எடுத்திருக்கிறார்கள் என்றார்.

"பௌலோஸ்கிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா?" என்றான் தேவசியா.

"வேண்டாம்."

"அப்ப பொதுக்குழியா, சேச்சி?" என்றார் வர்க்கி.

"ம்."

அவள் காலுறையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

மூன்று மணிக்குப் பொதுக்குழியில் இறக்கினார்கள். எல்லோரும் வரிசையாக மண்ணும் குந்திரிக்கச் சாம்பிராணியும் போட்டார்கள். அன்னக்குட்டியும் போட்டாள். பிறகு யாரும் கவனிக்காமல் மதில் மூலைக்கு நடந்தாள். அஸ்திக் கிணற்றுக்கு வட்டமான இரும்பு மூடி. அதன் மேல் குழி வெட்டியவன் வைத்துவிட்டுப் போன டீ கிளாஸ் இருந்தது.

அதை எடுத்துப் புல்லில் வைத்தாள். மூடியில் ஈர வட்டம் ஒன்று தெரிந்தது. முந்தானையால் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்தாள்.