தூக்க எண்ணெய்

அவளுக்கு மூக்கி என்று பெயர் வைத்தது அவள் நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த முதல் வாரம், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் தடதடவென்று கீழே ஓடி வந்து, "யார் வீட்டுலயோ பால் அடிப்பிடிக்குது" என்று வரிசையாகக் கதவைத் தட்டினாள். மூன்றாவது வீட்டு அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் தெருவிலும் எல்லாருக்கும் அவள் மூக்கி. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. மூக்கு சின்னதுதான், அது செய்கிற வேலைதான் பெரிது.

அந்த மூக்கை நம்பித்தான் நாத்தனார் தொழிலே தொடங்கினாள். மூக்கியின் மகளுக்கு அப்போது இரண்டு வயது. தூங்க மாட்டாள். அவள் தூங்காததால் வீட்டில் யாரும் தூங்கவில்லை. வேன் ஓட்டும் கணவன் ஒருநாள் சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். சோப்புப் பட்டறை வைத்திருந்த நாத்தனார்தான் விரல் நீளப் பாட்டிலில் லாவெண்டர் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். மூக்கி தினமும் ஒரே நேரத்தில் குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டி, விளக்கைக் குறைத்து, ஒரு துணித் துண்டில் மூன்று சொட்டு விட்டு, கட்டிலிலிருந்து கை எட்டாத தூரத்தில் தொங்கவிட்டாள். பத்தாவது நாள் குழந்தை விடியும்வரை தூங்கியது. அப்பாவும் அம்மாவும் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார்கள்.

வேலை செய்தது வாசனையா, வெந்நீரா, நேரம் தவறாததா என்று மூக்கிக்கே சந்தேகம்தான். நாத்தனாருக்குச் சந்தேகமே இல்லை. வெந்நீரையும் விளக்கைக் குறைப்பதையும் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. வாசனையை முடியும்.

இரண்டே வருடத்தில் சோப்புப் பட்டறை தூக்க எண்ணெய்ப் பட்டறையாகிவிட்டது. எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். நிலாவின்மேல் குழந்தை தூங்கும் படம் போட்ட லேபிள். அதன் கீழே, 'லாவெண்டர் பூ மட்டுமே'. கலவை மூக்கியின் பொறுப்பு. அவள் முகர்ந்து தலையாட்டாமல் ஒரு பாட்டில்கூட மூடி போடப்படாது.

பிறகு கடைக்காரர்கள் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். வாசனை நிற்கவில்லையாம். ஒன்றுமே போடாத மாதிரி இருக்கிறதாம். பக்கத்துக் கடையில் விற்பது வாசல்வரை வீசுகிறதாம். போதாததற்கு, வரவேண்டிய லாவெண்டர் எண்ணெய் இரண்டு மாதமாக வரவில்லை. ஒருநாள் காலை பட்டறைக்குள் நுழைந்தபோது மேசையருகே ஒரு நீல நிறப் பீப்பாய் இருந்தது. மூக்கி மூடியைத் திருகினாள். முதலில் சாயம்போட்ட மாதிரி ஒரு லாவெண்டர். அதன் பின்னாலேயே மூக்கில் ஊசி ஏற்றியதுபோல இன்னொன்று.

"அண்ணி, இதுல கற்பூர எண்ணெய் இருக்கு."

"இருக்கட்டுமே. சளிக்குத் தேய்க்கிற தைலத்துல இல்லாததா?"

"அது பெரியவங்களுக்கு. கைக்குழந்தைக்கு ஆகாதுன்னு அந்த டப்பாவுலயே போட்டிருக்கும்."

"நாம தேய்க்கவா சொல்றோம்? துணியில மூணு சொட்டு. மூக்கு திறந்துக்கும், புள்ள நல்லாத் தூங்கும். வாங்குறவங்களுக்கும் ஏதோ வேலை செய்யுதுன்னு தெரியும்."

"லேபிள்ல பூ மட்டும்னு இருக்கே அண்ணி."

"பழைய லேபிள் தீரட்டும், வேற அடிச்சுக்கலாம்." நாத்தனார் அவள் தோளைத் தட்டினாள். "நீ கொஞ்ச நாளைக்கு மூக்கை மூடிக்கிட்டுக் கலக்கு, மூக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். மூக்கியும் சிரித்தாள். பிறகு முகத்தில் துணி கட்டிக்கொண்டு கலக்கினாள்.

ஐந்து வாரம் கலக்கினாள். பத்துப் பங்கு வெறும் எண்ணெய்க்கு ஒரு பங்கு, பீப்பாயிலிருந்து. சாயங்காலமானால் தலை விண்விண்ணென்று தெறிக்கும். வீட்டு அலமாரியின் மேல்தட்டில் மகளுக்கான பழைய பாட்டிலில் ஒரு விரற்கடை எண்ணெய்தான் மிச்சம். மூன்று சொட்டை இரண்டாக்கினாள், இரண்டை ஒன்றாக்கினாள். புதியதை மட்டும் வீட்டுக்கு எடுத்துவரவில்லை. யாராவது கேட்டிருந்தால், பழையது இருக்கும்போது புதியது எதற்கு என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்து வீட்டிலேயே தைப்பாள். புருஷன் கப்பலில் வேலை. வருடத்துக்கு இரண்டு முறை வந்து போவான். எட்டு மாத ஆண் குழந்தை. ஆள் கொழுகொழுவென்று இருந்ததால் அந்தக் கட்டிடத்துக்கே அவன் உருண்டை. உருண்டைக்குப் பகலெல்லாம் சிரிப்பு, இருட்டினால் அழுகை. ஒருநாள் சாயங்காலம் அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தையல்காரி மேலே வந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. ஆள்காட்டி விரலில் கட்டு.

"ஊசி நகத்துல ஏறிடுச்சுக்கா. தைச்சுக்கிட்டே தூங்கிட்டேன் போல. உங்க பொண்ணுக்குப் போடுவீங்களே, அந்த எண்ணெய்யில கொஞ்சம் தாங்களேன்."

மூக்கியின் கை அலமாரியின் மேல்தட்டுக்குத்தான் முதலில் போனது. பழைய பாட்டிலைத் தொட்டது. ஒரு விரற்கடை. அதைக் கொடுத்துவிட்டால் மகளுக்கு? கை கீழே இறங்கியது. கடைகளுக்குக் காட்டுவதற்காகக் கணவன் பட்டறையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பையிலிருந்து புதிய பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"இதேதானே அக்கா?"

"அதேதான்," என்றாள் மூக்கி. "துணியில மூணு சொட்டு. தள்ளித் தொங்கவிடு."

மேலே தேய்த்துவிடாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஏன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? விழுங்கிவிட்டாள்.

நான்கு நாள் உருண்டை தூங்கினான். தையல்காரி மாடிப்படியில் மூக்கியைப் பார்த்து, "உங்க புண்ணியத்துல கண்ணை மூடினேன்க்கா," என்றாள். மூக்கி தலையைக் குனிந்துகொண்டு படியேறினாள். ஆனாலும், பார், ஒன்றும் ஆகவில்லையே என்று மனம் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் குழந்தைக்குச் சளி பிடித்தது. மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் திணறினான். அந்த எண்ணெயை முகர்ந்தால் மூக்கு திறப்பதைத் தையல்காரி தானே பார்த்திருந்தாள். பூதானே என்று நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்தாள். மூக்குக்குக் கீழே தடவினாள். ஒருமணி நேரம் கழித்து இன்னொரு முறை. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கண்கள் மேலே செருகின, கைகால் வெட்டி வெட்டி இழுத்தன.

மூக்கிக்குச் செய்தி பட்டறையில் கிடைத்தது. வேனை வாசலில் நிறுத்திவிட்டுக் கணவன் உள்ளே வந்தான். "கீழ்வீட்டுக் குழந்தைக்கு வலிப்பாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. நிக்கவே மாட்டேங்குதாம்."

மூக்கி கையிலிருந்த அளவுக் குவளையைக் கீழே வைத்தாள். நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"காய்ச்சல் வந்தா வலிப்பு வரும்," என்றாள் நாத்தனார் மெதுவாக. "எத்தனை குழந்தைக்கு வருது. நீ எங்க கிளம்புற?"

"அவங்களுக்கு என்னன்னு தெரியாதுல்ல அண்ணி."

"டாக்டர் பார்த்துப்பாங்க. நீ உட்காரு."

மூக்கி உட்காரவில்லை.

கணவன் அவளை வேனில் ஏற்றிப் போனான். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும், "என்ன சொல்லப் போற?" என்றான்.

"இருக்கறதை."

"அவ என் கூடப் பிறந்தவ."

"தெரியும்."

அவன் இன்ஜினை அணைக்கவில்லை. அவள் இறங்கி நடந்தாள்.

குழந்தைகள் பிரிவின் வாசலில் தையல்காரி நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. மூக்கியைக் கண்டதும், இதைக் கொஞ்சம் பிடிங்கக்கா என்று குழந்தையின் துணிகள் இருந்த பையைக் கையில் திணித்தாள். பையிலிருந்த சட்டைகளில் எண்ணெய் ஊறி, கற்பூரம் குப்பென்று ஏறியது. கதவின் கண்ணாடி வழியே உருண்டை தெரிந்தான். ஊசி போட்டும் நின்று நின்று உடம்பு தூக்கிப்போட்டது. மூளைக் காய்ச்சலாக இருக்கலாம், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று ஒரு பெண் டாக்டர் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூக்கி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "டாக்டர், கற்பூர எண்ணெய். குழந்தை மேல தேய்ச்சிருக்கு."

டாக்டர் திரும்பினாள். "அம்மா மருந்து ஒண்ணும் தேய்க்கலைன்னாங்களே. ஏதோ பூ எண்ணெய்னாங்க."

"அவளுக்குத் தெரியாது. லேபிள்ல இல்ல. கலந்தது நான். பத்துக்கு ஒரு பங்கு."

டாக்டர் வாசலை நோக்கி, "எங்கெங்க தேய்ச்சீங்க? எத்தனை தடவை?" என்று கேட்டாள். உள்ளே வந்து நின்றிருந்த தையல்காரி, நெஞ்சு, முதுகு, மூக்குக்குக் கீழே என்று தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டினாள். ரெண்டு தடவை என்று விரலை நீட்டினாள். குழந்தையின் தோலில் இன்னும் எண்ணெய் பிசுபிசுத்தது. ஒவ்வொரு நிமிடமும் அது உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ்கள் சோப்பு நீரும் துண்டுகளும் கொண்டுவந்து துடைக்க ஆரம்பித்தார்கள். துடைத்த துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கட்டினார்கள். வேறு மருந்து ஏறியது. இருவரையும் வெளியே போகச் சொன்னார்கள்.

வெளியே தையல்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பூ மட்டும்னு போட்டிருந்துச்சே. எழுத்துக்கூட்டிப் படிச்சேனே."

மூக்கி பையின் வாயை இறுக்கி முடிந்தாள்.

"உங்க பொண்ணுக்கும் இதைத்தானே போடுறீங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தெரியாமல் செய்தவள் என்றாவது ஆகிவிடலாம்.

"இல்ல," என்றாள் மூக்கி. "அவளுக்குப் பழசு."

தையல்காரி கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. மூக்கியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, வாசலின் மறு ஓரத்தில் போய் நின்றுகொண்டாள்.

மதியத்துக்குமேல் வலிப்பு நின்றது. உருண்டை இரண்டு நாள் குழாய் வழியே மூச்சு விட்டான். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் இடது கை எதையும் பிடிக்கவில்லை. விரலில் வைத்தது நழுவியது. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள்.

பாட்டில் சோதனைக்குப் போனது. பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். விற்ற பாட்டில்களையெல்லாம் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். வீட்டிலிருந்த பழைய பாட்டிலையும் மூக்கி அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டாள். மகள் இரண்டு நாள் வாசனை கேட்டு அழுதாள். மூன்றாம் நாள் எதுவுமே இல்லாமல் தூங்கிவிட்டாள். தூங்காமல் கிடந்தது மூக்கிதான்.

வேலை போன எட்டுப் பேரில் ஒருத்தி வாசலில் நின்று, "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம், இல்ல அஞ்சு வாரம் முன்னாடியே திறந்திருக்கலாம். ரெண்டுங்கெட்டானா ஏன் பண்ண?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாத்தனார் ஒரே ஒரு முறை வந்தாள். உள்ளே வரவில்லை. "வாங்கினது நான். ஆனா கலக்கினது உன் கை. அதை மறந்துடாதே," என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கணவன் வீட்டை விட்டுப் போகவில்லை. உப்பு எங்கே, குழந்தையின் சட்டை எங்கே என்கிற அளவுக்குப் பேசினான்.

மூன்று மாதம் கழித்து விசாரணை. நாத்தனார் பெயரோடு மூக்கியின் பெயரும் வழக்கில் இருந்தது. ஒரு நீளமான அறை, தேய்ந்த மேசை, மேலே ஆடி ஆடிச் சுற்றும் மின்விசிறி. தையல்காரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பீப்பாய் எப்போது வந்தது, எவ்வளவு கலந்தது, யார் சொல்லிக் கலந்தது என்று அதிகாரி கேட்டார். மூக்கி வரிசையாகச் சொன்னாள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"இதேதானான்னு அவ கேட்டா. அதேதான்னு நான் சொன்னேன்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அது வழக்குக்குத் தேவையில்லைம்மா."

"எழுதிக்கோங்க ஐயா."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி நிமிரவே இல்லை.

வீடு திரும்ப மூக்கிக்கும் தையல்காரிக்கும் ஒரே பஸ்தான். தையல்காரி முன்னால் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மூக்கி நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். குழந்தை அம்மாவின் தோளுக்கு மேலாகப் பின்னால் எட்டிப் பார்த்தான். மூக்கியைக் கண்டதும் அடையாளம் தெரிந்ததுபோலச் சிரித்தான். தையல்காரி என்னவென்று திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவனை மடிக்கு இறக்கி, முன்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். அவனுடைய இடது கையை எடுத்து, எதிரேயிருந்த கம்பியின்மேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கை நழுவி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது. டாக்டர் ஒரு நாளைக்கு நூறு முறை செய்யச் சொல்லியிருந்ததாகக் கட்டிடத்தில் பேசிக்கொண்டார்கள்.

அவர்களுடைய நிறுத்தம் வந்தது. தையல்காரி இறங்கினாள். மூக்கி எழுந்திருக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தாள்.