இடது கால் ஏறாத வாசல்

கோல்டர்ஸ் ரன் ஊரில் ஒவ்வோர் ஆண்டும் மே முப்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு ஆர்லீன் டட்டில் வீட்டு வாசலுக்கு ஒரு கால் நடந்து வரும். கால் மட்டும்தான், ஆள் கிடையாது. முழங்காலுக்கு நான்கு விரற்கடை மேலே அறுபட்ட, ஐந்து விரலும் சேதமில்லாத இடது கால். முதன்முதலில் அது வந்த 1931-இல் முட்டை டஜன் பதினேழு சென்ட் விற்றது, சோளத்துக்கு மழை போதவில்லை. வர்ஜீனியாப் போர்க்களத்திலிருந்து ஒஹையோவில் இருக்கும் எங்கள் ஊருக்கு நானூறு மைல். உள்நாட்டுப் போர் முடிந்து அறுபத்தாறு வருஷம் கழித்து வந்து சேர்ந்ததை யாரும் தாமதம் என்று குறை சொல்லவில்லை. ஒற்றைக் கால் தத்தித் தத்தித்தான் வரவேண்டும், வழி கேட்க வாயும் கிடையாது.

வந்த கால் யாருடையது என்று ஊர் அதிகம் யோசிக்கவில்லை. டட்டில் வீட்டு ஓரின் தாத்தா வடக்குப் படையில் சண்டை போட்டு ஒரு காலை இழந்துவிட்டு வந்தவர். ஆகவே அவருடைய கால். எந்தக் காலை இழந்தார் என்று தெரிந்தவர்கள் எல்லாம் செத்துப்போயிருந்தார்கள். இருந்த ஒரே படத்தில் மனிதர் மடிமேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டட்டில் குடும்பம் ஒரு வாளி வெந்நீரும் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் காலுறையும் வைத்து வரவேற்றது. கால் குளித்தது, உறையை மாட்டிக்கொண்டது, ஆனால் வாசற்படி ஏறவில்லை. சாயங்காலம் ஐந்து மணிவரை கதவைப் பார்த்து நின்றுவிட்டுச் சோளக்காட்டுக்குள் போய்விட்டது. பட்டாளத்துக்காரர், காவலுக்கு நிற்கிறார் என்று டட்டில்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். வருஷா வருஷம் இதே கதைதான்.

எதிர்வீட்டு வெர்னா ஹேவர்ஸ்டாக்குக்கு இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, யாருக்கும் எரியும். மே முப்பது போர்வீரர் நினைவு நாள். அன்றைக்கு நடக்கும் ஊர்வலத்தில் போர்வீரன் வழிவந்தவர்கள் நீல ரிப்பன் குத்திக்கொண்டு முன்வரிசை நாற்காலியில் உட்காருவார்கள். மற்றவர்கள் பின்னால் தீயணைப்பு வண்டியின் புகையில் நிற்கவேண்டும். வெர்னா நாற்பது வருஷம் அங்கே நின்றாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா ஆன்சலுக்கும் ஒரு கால் இல்லைதான், ஆனால் அது கதிரடிக்கும் எந்திரத்தில் போனது என்பது குடும்பத்துப் பேச்சு.

"ஏன்டி வெர்னா, உங்க தாத்தா காலைத் தின்ன மெஷினாவது வருஷத்துக்கு ஒருதரம் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகுமா?" என்று ஒருநாள் தபால் நிலைய வரிசையில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள் ஆர்லீன்.

"உன் வீட்டுக்கு வர்ற காலும்தான் உள்ள வரமாட்டேங்குதே. நீ சுடுற ஆப்பிள் பையோட வாசனை வாசலோட நிறுத்திடுது போல" என்றாள் வெர்னா.

இருவரும் அப்புறம் பதினோரு வருஷம் பேசவில்லை. அந்தப் பதினோரு வருஷமும் வெர்னா தன் வம்சத்தில் ஒரே ஒரு போர்வீரனைத் தேடினாள். நூலகத்தில் பழைய பதிவேடுகளின் நுண்படச் சுருளைச் சுற்றிச் சுற்றி அவள் வலது கட்டைவிரல் காய்த்துப்போனது. எங்கள் மாவட்டப் படைப் பட்டியல்களில் ஹேவர்ஸ்டாக் என்று ஒருவரும் இல்லை. கடைசியில், தனக்குத்தான் இல்லை, அவளுக்காவது கெட்டுப்போகட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஓரின் டட்டிலின் ஓய்வூதியக் கோப்பைக் கேட்டு வாஷிங்டன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டாள். ஓடிப்போனவன், கோழை என்று ஒரு வரியாவது இருக்காதா என்று ஆசை. அப்படி ஒன்றும் இல்லை. மருத்துவர் ஒரு வரி எழுதியிருந்தார்: வலது கால் அகற்றப்பட்டது.

வெர்னா அன்றைக்குச் சமையலறையில் தனியாக ஆடினாள். அடுத்து, சுற்றுவட்டார மாவட்டங்களில் இடது காலை இழந்த படைவீரர்களின் பட்டியல் கேட்டு எழுதினாள். பதினான்கு பேர். ஒன்பதாவது பெயர் ஆன்சல் ஹேவர்ஸ்டாக். பக்கத்து மாவட்டத்தில் போய்ப் படையில் சேர்ந்திருக்கிறார் மனுஷன்! அவருடைய கோப்பு வந்ததும் வெர்னா முழுவதையும் படித்தாள். படித்து முடித்ததும் அவள் ஆடவில்லை.

1990 மே முப்பதாம் தேதி, கால் வந்து வாசலில் நின்றதும் அவள் சாலையைக் கடந்து போனாள். ஊர்வலத்தில் வந்த வாத்தியக் குழு முதல் தீயணைப்புக்காரர்வரை எல்லோரும் கேட்க ஓரினின் மருத்துவச் சான்றை வாசித்தாள், பிறகு ஆன்சலுடையதை. ஆர்லீனின் முகம் செத்துப்போனது. அந்த ஒரு நிமிஷம் வெர்னாவுக்குத் தேனாக இனித்தது.

"வாங்க தாத்தா, நம்ம வீடு எதிர்ல இருக்கு" என்றாள் காலைப் பார்த்து.

கால் அசையவில்லை.

"சரி, உங்க தாத்தா கால்தான், ஒத்துக்கிறேன். அப்ப ஏன் என் வாசல்ல வந்து நிக்குது?" என்றாள் ஆர்லீன். கிண்டலாகக் கேட்கவில்லை, அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

வெர்னாவிடம் இன்னொரு தாள் இருந்தது. வாசிக்கக்கூடாது என்றுதான் கைப்பைக்குள் மடித்து வைத்திருந்தாள். ஓய்வூதியம் கேட்கிறவருக்குப் போருக்கு முன் உடம்பு நன்றாக இருந்தது என்று ஊர்க்காரர்கள் சாட்சி சொல்லவேண்டும். ஆன்சலுக்குச் சாட்சி சொன்னவள் ஓரினின் மனைவி பெர்மீலியா, ஆர்லீனின் கொள்ளுப்பாட்டி. இதே வீட்டில் பிறந்து, வாழ்ந்து, 1931 ஏப்ரலில் இறந்துபோனவள். வெர்னா அதை எடுத்துப் பிரித்து வாசித்தாள்:

"அவருக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துது. அந்தக் காலோட நான் டான்ஸ் ஆடியிருக்கேன். சண்டைக்குப் போற அன்னிக்கு எங்க வாசல்ல நின்னு, வந்தா கட்டிக்கிறியான்னு கேட்டாரு. ரெண்டு காலால நடந்து வந்து இந்தப் படி ஏறுங்க, கட்டிக்கிறேன்னு விளையாட்டுக்குச் சொன்னேன். மூணு வருஷம் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன். அவரு வரவேயில்ல. ஓரின் ஒத்தக் காலோட வந்து கதவைத் தட்டினாரு. திறந்தேன்."

இந்தச் சாட்சியத்தை எழுத்தர் ஆன்சலுக்கு வாசித்துக் காட்டிய எட்டாம் நாள் அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றிருக்கிறார். கதிரடிக்கும் எந்திரக் கதை அதற்குப் பிறகு அவர் கட்டியதுதான்.

"பாத்தியா, எங்க கொள்ளுப்பாட்டிக்குக் கிடைச்சது மிச்சம்தான். நல்ல கால் உங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வெர்னா எல்லோர் முன்னாலும் அழுதாள். காலின் விரல்கள் ஐந்தும் தரையை இறுக்கிப் பிடித்திருந்தன.

ஆர்லீன் போய்க் கதவை அகலத் திறந்தாள். கால் நின்ற இடத்திலேயே நின்றது.

"ரெண்டு காலால வரணும்னுல்ல சொல்லியிருக்கா" என்றாள் ஆர்லீன் மெல்ல.

வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு வலது செருப்பைக் கழற்றினாள். காலுக்கு வலப்பக்கம் போய் நின்று, தன் இடது காலைப் பின்னால் மடக்கிக்கொண்டாள். அறுபத்தெட்டு வயசு, ஒற்றைக் காலில் நிற்கத் தள்ளாடியது. வேறு வழியில்லாமல் ஆர்லீனின் தோளைப் பிடித்தாள். இடது முதலில், வலது அடுத்து. மூன்று படிகளையும் ஏறி, காலும் வெர்னாவும் வாசலைத் தாண்டி உள்ளே போனார்கள்.

இப்போது முன்வரிசையில் வெர்னாவுக்கும் ஒரு நாற்காலி உண்டு, அவள் வந்து உட்காருவதில்லை. அந்த நேரத்தில் அவள் ஆர்லீன் வீட்டுக்குள் காபி குடித்துக்கொண்டு, ஆப்பிள் பையில் சர்க்கரை தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டிருப்பாள். கால் பெர்மீலியாவின் படத்துக்குக் கீழே நிற்கும். இன்னமும் ஆர்லீன் பக்கமாகத்தான் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது என்று வெர்னாவுக்கு மனத்தாங்கல் உண்டு. காலுறையை ஆர்லீன் அந்த வருஷத்திலிருந்து ஜோடியாகத்தான் பின்னுகிறாள். வலதுக்கு வெர்னாவின் அளவு.