கிரிக்கெட் இல்லாத கசெட்டுகள்

செருப்புக்கடைக்காரி கையை ஓங்கினாள். அவளுடைய புருசன் லொறிக்காரன் பின்வாங்கி, பியர்க் கடைக் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். உள்ளே இருந்த சனம் முழுவதும் கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. சலூன்காரியோடு அவன் சுற்றித் திரிந்தது தெருவுக்கே தெரிந்த பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் அவள். இந்த ஒரு அறைக்காக நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத் திரை ஒருமுறை நடுங்கியது, குறுக்கே கோடு கோடாக விழுந்தது, பிறகு பச்சைப் புல்வெளி. வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு நெட்டையன் பந்தைத் தொடையில் தேய்த்தபடி ஆறுதலாக நடந்து போனான்.

"நாசமாப் போக!" என்று கத்தினேன்.

"பொறு, பொறு, நிப்பாட்டாதை!" சாப்பாட்டுக் கோப்பையும் கையுமாக ஓடிவந்தார் என் கணவர் தயாபரன். டீட்டிகோன் பட்டணத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு வந்து குளித்த தலை இன்னும் காயவில்லை. சோபாவில் எனக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, அந்த நெட்டையனுக்காகவே பிறந்தவர் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்க்கத் தொடங்கினார். இந்தச் சுவிஸ் நாட்டுத் தொலைக்காட்சியில் பனிச்சறுக்கு காட்டுவான், மாட்டுக்கு மணி கட்டிக் கூட்டிக்கொண்டு போவதைக் காட்டுவான், கிரிக்கெட் மட்டும் காட்டமாட்டான். அதனால் என் கதையில் மண் விழுந்தால் இவருக்கு விருந்து.

தொடர்களை வீடியோ கசெட்டில் பதிந்து அனுப்புவது லண்டனில் இருக்கும் என் அக்கா பத்மினி. கிரிக்கெட்டை அதற்குமேல் பதிவது அக்காவின் புருசன் குணசேகரம் அத்தான். அத்தானுக்குப் பெற்றோல் நிரப்புகிற செட்டில் இரவு வேலை. அன்றன்று நடந்த ஆட்டத்தின் சுருக்கத்தை இரவில் டிவியில் போடுவான். வேலைக்குப் போகுமுன் மெசினுக்கு நேரம் குறித்துவிட்டுப் போவார். உள்ளே என்ன கசெட் கிடக்கிறது என்று ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. அக்கா பாதி பார்த்துவிட்டுச் சமையலுக்கு எழும்பிப் போயிருப்பா. அந்தப் பாதியிலிருந்து கிரிக்கெட் ஏறிவிடும். புதுக் கசெட் ஒன்று எடுத்துப் போடக் கையில்லையா இந்த மனுசனுக்கு? அக்காவிடம் போனில் சண்டை பிடித்தால், "தெரியுமடி, ஓட்டிப் பாத்திட்டுத்தானே அனுப்பினனான். அதுக்கு நான் என்ன செய்ய?" என்பா. ஒவ்வொரு கசெட்டையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓட்டிப் பார்க்காமல் அவ தபாலில் போடுவதில்லை.

திருகோணமலையில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். அவ கலியாணம் கட்டி லண்டன் போனா, நான் ஓடித் தப்பி சுவிசுக்கு வந்தேன். எனக்குக் கிடைத்தது எஃப் பெர்மிட். இருக்கலாம், முதியோர் இல்லத்துக் குசினியில் கரட் வெட்டலாம், எல்லையைத் தாண்டிப் போகமுடியாது. போனால் திரும்பி வருவதற்கு உறுதியில்லை. அக்காவுக்கும் இங்கே வர விசா கிடைக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலப் பிளேன் பயணத்தில் இருக்கிற அக்காவின் முகத்தை நான் கலியாணப் படத்தில்தான் பார்க்கலாம். ஆகவே இருவரும் ஒரே கதையைப் பார்த்து ஒரே ஆட்களைத் திட்டுவது என்று வழக்கமாகிவிட்டது. நான் கொஞ்சம் பிந்திப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

கதை என்றால் இரண்டு கதை. இரண்டும் இங்கிலாந்துக்காரர் வருசக்கணக்காக முடிக்காமல் இழுக்கிறவை. ஒன்றை நாங்கள் தெரு என்போம். வடக்கே மழை ஊத்துகிற ஒரு பட்டணம், ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள், மூலையில் பியர்க் கடை. நான் பிறக்கமுதலே தொடங்கிய கதை அது. மற்றதைச் சந்தை என்போம். லண்டன் ஏழைகளின் கதை, வயதில் இளையது. தெருவில் வீடு எரிந்தாலும் முதலில் ஒரு தேத்தண்ணி போடுவார்கள், ஒரு பகிடி விடுவார்கள், பிறகுதான் தண்ணீர் வாளியைத் தேடுவார்கள். சந்தையில் தேத்தண்ணி ஆறமுதல் யாராவது யாருடைய கழுத்தையாவது பிடித்திருப்பார்கள். நத்தார்ப் பண்டிகை வந்தால் அங்கே ஒரு குடும்பமாவது உடையவேண்டும். அக்காவுக்குத் தெருதான் உசத்தி. எனக்குச் சந்தை. வாய் இருப்பவள் கத்தவேண்டும். கத்தாமல் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும் பெண்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் ஆளாளுக்கு மார்க்குப் போடுவேன். "சந்தைக்காரி புருசன்ர உடுப்பெல்லாத்தையும் ஜன்னலாலை எறிஞ்சாள், அவளுக்கு நூறு. உங்கட செருப்புக்கடைக்காரிக்குப் பூச்சியம். அடங்கிப்போறவளுக்கெல்லாம் பூச்சியம்."

"பாவமடி. அவளுக்கு என்ன நிலைமையோ," என்பா அக்கா.

"என்ன பாவம்? முதுகிலை எலும்பில்லாததுகள்!"

இன்னொரு கோபமும் எனக்கு உண்டு. லண்டனில் எந்தப் பெற்றோல் செட்டுக்குப் போனாலும் கண்ணாடிக்குப் பின்னால் நம்முடைய ஆள் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்பார் என்று அக்காவே சொல்லியிருக்கிறா. அந்தச் சந்தைக்குள் இத்தனை வருசமாகக் கத்துகிறார்கள், வெட்டுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்; நான் பார்த்தவரை ஒரு யாழ்ப்பாணத்தான் இல்லை, ஒரு மட்டக்களப்பான் இல்லை. எங்களுக்கெல்லாம் கதையே கிடையாது என்று நினைத்துவிட்டார்களாக்கும்.

அந்த அறை விழுந்ததா இல்லையா என்பதை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். விழவில்லையாம். கையைக் கீழே விட்டுவிட்டாளாம். லொறிக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சலூன்காரியோடு போய்விட்டானாம். பூச்சியத்துக்குக் கீழே மார்க்கு இருந்தால் அதைப் போட்டிருப்பேன்.

அடுத்த வருசம், தொண்ணூற்றேழு, கிரிக்கெட் காலமான கோடை தொடங்கிய பிறகும் கசெட்டுகள் முழுசாகவே வந்தன. ஒரு கோடு இல்லை, ஒரு வெட்டு இல்லை. தெரு முடியச் சந்தை, சந்தை முடியத் தெரு. அத்தானுக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோசப் புளுகம். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

தயாபரன்தான் நாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். "சரோ, இப்ப இங்கிலாந்தும் ஒஸ்ரேலியாவும் அடிபடுது. டெஸ்ட் நடக்குது."

"நடக்கட்டும். எனக்கென்ன?"

"குணசேகரம் அண்ணை இதைப் பதியாமல் விடுவாரே? காய்ச்சலிலை கிடந்தாலும் எழும்பிவந்து பட்டனை அமத்துற மனிசன்." கோப்பையை மேசையில் வைத்தார். "அந்தாள் வீட்டிலை இல்லை, சரோ."

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அத்தானோடு கதைக்கக் கேட்டால் குளிக்கிறார். அடுத்த ஞாயிறு, இப்பதான் வெளியில் போனவர். சித்திரைப் புதுவருசத்துக்குக் கேட்டபோது, நித்திரை, எழுப்பினால் ஏசுவார். எந்த மனுசன் பங்குனியிலிருந்து குளிக்கிறான்?

ஞாயிறு மத்தியானம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். நாங்கள் இருக்கிற மாடிக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆணி அடிக்கக்கூடாது, உடுப்புத் தோய்க்கக்கூடாது, உரத்துக் கதைக்கக்கூடாது. எனக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று.

"அக்கா, அத்தானிட்டைப் போனைக் குடுங்கோ."

"வேலைக்குப் போயிட்டார்."

"இரவு வேலைக்காரர் மத்தியானத்திலை போவாரோ? கிரிக்கெட் எங்கை அக்கா? கசெட்டிலை கிரிக்கெட்டைக் காணேல்லை."

அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. அதைப் பூட்டிவிட்டு வந்தா.

"மாசியிலை போயிட்டார்," என்றா. "குறொய்டனிலை இருக்கிறார். தனிய இல்லை."

"மாசியிலோ! இப்ப ஆனி! ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்லை. கோயிலிலை கேட்டால் நைட் வேலை எண்டு சொல்லுறனான்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "செருப்புக்கடைக்காரியின்ர புருசன் போனதை மூச்சு விடாமல் சொன்னனீ! பெட்டி என்ன நிறமெண்டும் சொன்னனீ! உன்ர புருசன் போனதை எனக்குச் சொல்ல வாய் வரேல்லையோ? நான் ஆர்? றோட்டிலை போறவளோ?" அக்காவை நான் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். கீழ்வீட்டு மனுசி கூட்டுகிற தும்புத்தடியால் தன் முகட்டில் இடித்தா. நான் பதிலுக்குக் காலால் இடித்தேன்.

"நீ மார்க்குப் போடுவாய், சரோ," என்றா அக்கா. "அடங்கிப்போறவளுக்குப் பூச்சியம் எண்டு எத்தினை ஞாயிறு சொல்லியிருப்பாய். நான் கத்தேல்லை. அவர் பெட்டி அடுக்கேக்கை சேட்டுகளை மடிச்சுக் குடுத்தனான். இதை எப்படி உனக்குச் சொல்லுறது?"

"அது கதையக்கா! நான் கதையிலை வாற பெட்டையளையல்லோ சொன்னனான்!"

"எனக்கு அப்பிடிக் கேக்கேல்லை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குணசேகரம் எதிரில் நின்றிருந்தால் வீடியோ மெசினைத் தூக்கி மண்டையில் போட்டிருப்பேன். அவர் பக்கத்தில் இல்லை, அக்காவும் பக்கத்தில் இல்லை. ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வழியில்லாமல் ஒரு பெர்மிட், அதற்குள் ஒரு எழுத்து. தெருவில் ஒருத்தன் பெட்டி தூக்கினால் பாண் வாங்கப் போகிற நேரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சந்தையில் அவனே நடு வீதியில் நின்று கத்திச் சொல்லிவிட்டுப் போவான். நம்முடைய ஆட்கள் மட்டும் சேட்டுகளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய் நைட் வேலை என்பார்கள். இதற்கு யார் என்ன மார்க்குப் போடுவது?

"சரி, போனது போகட்டும்," என்றேன். "ஒண்டு மட்டும் சத்தியம் பண்ணுங்கோ. அந்தாள் திரும்பி வந்து கதவைத் தட்டினால் திறக்கமாட்டீங்கள்."

"வந்தாலெல்லோ."

"வந்தால்?"

"ஓம்," என்றா. "ஓமடி, சரி."

அதற்குப் பிறகு நான் மார்க்குப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் குரல் மாறிக்கொண்டு வந்ததைத்தான் கேட்டேன். பள்ளிக்கூடக் குசினியில் வேலை கிடைத்திருக்கிறது, உன்னைப்போல நானும் கரட் வெட்டுகிறேன் என்றா. அத்தான் விட்டுப்போன காரில் எல் போட் ஒட்டி ஓடப் பழகுவதாகச் சொன்னா. "ரவுண்டபோட்டிலை ஒருத்தன் ஹோர்ன் அடிச்சான். கண்ணாடியை இறக்கித் தமிழிலை நல்லாக் குடுத்தன்," என்று சொல்லிச் சிரித்தா. அப்படி அவ சிரித்து நான் சின்ன வயதில் கேட்டது. "டிவி முழுக்க இப்ப என்ர. விரும்பின நேரம் பாக்கிறன்," என்றா. கசெட்டுகள் முழுசு முழுசாக வந்தன. எனக்கும் அதைப் பார்க்கிறபோது நெஞ்சு நிறைந்திருந்தது என்பதை மறைப்பானேன்.

ஆவணி முடிகிற நேரம் இரண்டு ஞாயிறு அக்கா போன் எடுக்கவில்லை. நான் அவவுக்கு எடுத்தபோது அங்கே மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கார் பழகப் போயிருப்பா என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கிழமை கசெட் வந்தது. வேலையால் வந்த கையோடு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மெசினில் தள்ளினேன்.

தெருவில் மழை. லொறிக்காரன் பெட்டியோடு வந்திருந்தான். சலூன்காரி துரத்திவிட்டாள் போல. தலையெல்லாம் நனைந்து, செருப்புக்கடைக் கதவுக்கு வெளியே நின்று அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். வெட்கம் கெட்ட நாய். செருப்புக்கடைக்காரி உள்ளே, படிக்குக் கீழே, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நின்றாள். அவன் தட்டினான். அவள் ஒரு அடி வைத்தாள்.

"திறக்காதை," என்றேன்.

பிறகும் தட்டினான். அவள் கதவடிக்கு வந்துவிட்டாள். கை எழும்பித் தாழ்ப்பாளுக்குப் போனது.

"திறக்காதையடி! திறக்காதை!" நான் டிவிக்கு முன்னால் முழங்காலில் நின்றேன்.

திரை ஒருமுறை நடுங்கியது. குறுக்கே கோடு கோடாக விழுந்தது.

பச்சைப் புல்வெளி. நல்ல வெயில். வெள்ளைத் தொப்பிகள். சனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கைதட்டல் குசினிக்குக் கேட்டிருக்கவேண்டும். "அட, கிரிக்கெட்!" என்று கோப்பையோடு ஓடிவந்தார் தயாபரன். சோபாவில் பாதி உட்கார்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோப்பையிலிருந்து குழம்பு அவருடைய விரலில் வடிந்தது. அவர் துடைக்கவில்லை.

ஓட்டிப் பார்க்காமல் அக்கா ஒரு கசெட்டும் அனுப்புவதில்லை. இதையும் பார்த்திருப்பா. பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைத்து, ஒட்டி, என் பெயரை எழுதியிருக்கிறா. கதவைத் திறந்ததை வாயால் சொல்ல என்னிடம் பயம்.

"போனை எடுக்கட்டோ?" என்று தயாபரன் மெல்லக் கேட்டார்.

ரிமோட் என் கையில் இருந்தது. பிடித்த பிடியில் அதன் பின்மூடி கழன்று, பற்றரி ஒன்று தரையில் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. திரையில் அந்த நெட்டையன் தூரத்தில் திரும்பி நின்று, பந்தைத் தொடையில் ஒருமுறை தேய்த்துவிட்டு, எங்களை நோக்கி ஓடிவரத் தொடங்கினான்.