வெறும் தண்ணீரில் ஒரு வளையம்

அவளுடைய அக்காள் புருஷன்தான் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர். ஊருக்கு அவர் பெரிய விஞ்ஞானி. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஒரு தட்டை ஒழுங்காகச் செருகக்கூட அவருக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். செருகுகிறவள் அவள்தானே. பதினைந்து வருஷமாகச் செல்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உறைய வைத்து, படமெடுத்துக் கொடுக்கிறாள். படம் எடுப்பது இவள், பீற்றிக்கொள்வது அவர்.

நாலு மாதமாக அத்தானுக்கு ஒரு பைத்தியம். செல்லுக்குள்ளே எட்டு இதழோடு ஒரு வளையம் இருக்கிறதாம், உலகத்தில் எவன் கண்ணிலும் படாததாம். உறைந்த செல்லின் படமோ மணலை இறைத்ததுபோல் வெறும் புள்ளியாக இருக்கும். ஒரே மாதிரி இருக்கும் துண்டுகளை ஆயிரக்கணக்கில் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உருவம் தெரியும். எதைப் பொறுக்க வேண்டும் என்று கணினிக்கு ஒரு படம் காட்டலாம்; அந்தச் சாயலில் எந்தப் புள்ளிக் கூட்டம் அகப்பட்டாலும் அது பொறுக்கிவிடும். அத்தான் தன் கையால் வரைந்த வளையத்தையே காட்டினார். வளையம் வந்துவிட்டது. வராமல் எங்கே போகும்?

மறுநாள் அதைப் பற்றிய கட்டுரை ஆய்விதழுக்குப் போகிறது. அதில் இரண்டாவது பெயர் அவளுடையது. அவள் எடுத்த படம் என்றால் வெளி ஆய்வுக்கூடங்களில் மறுபேச்சு கிடையாது. அவள் சம்பாதித்ததே அந்த ஒரு நல்ல பெயர்தான். இந்த வளையத்தின் சாயம் வெளுத்தால் அதுவும் மண்ணாய்ப் போகும்.

செல்லே போடாமல் வெறும் தண்ணீரை உறைய வைத்து மூவாயிரம் படம் எடுத்தாள். அத்தானின் வளையத்தைக் காட்டி, கணினியைப் பொறுக்கச் சொன்னாள். வந்ததைக் காலைக் கூட்டத்தில் திரையில் போட்டாள்.

அத்தான் எழுந்தே விட்டார். "அடடா! எட்டு இதழையும் எண்ணலாம் போல இருக்கே! எந்த செல்லு இது?"

"செல்லே இல்ல அத்தான். வெறும் தண்ணி."

நாலு மாணவர்களும் அவரவர் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். அத்தான் அசரவில்லை. அசருகிற ஜென்மமா அது?

"அப்ப சரியா கழுவாத இடுக்கியால தொட்டிருப்ப. செல்லு ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. பதினஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் இதெல்லாம் நான்தான் சொல்லணுமா?"

அவள் அடுத்த படத்தைத் தட்டினாள். அதே தண்ணீர், அதே மூவாயிரம் படம். இந்தத் தடவை கணினிக்குக் காட்டியது மட்டும் அத்தானுடைய புகைப்படம். புள்ளிக் கூட்டத்துக்குள்ளிருந்து வழுக்கை, கண்ணாடி, மீசை சகிதம் அத்தானே சிரித்தார்.

"இதுவும் இடுக்கியில ஒட்டிக்கிட்டு வந்ததா அத்தான்?"

ஒரு மாணவிக்குப் புரையேறியது. மற்றவர்கள் அந்தப் பெண்ணின் முதுகில் தட்டும் சாக்கில் எல்லாருமாக வெளியே போய்விட்டார்கள்.

கதவு சாத்தியதும் அத்தான் குரலில் தேன் வழிந்தது. "நமக்குள்ள என்னம்மா? உன் பேர முதல்ல போட்டுடறேன். சரியா?"

பொய்யிலே பெரிய பங்கு தருகிறாராம். அவள் விசைப்பலகையை இழுத்து, கட்டுரையிலிருந்து தன் பெயரை அழித்தாள்.

"இப்ப அனுப்புங்க."

அவர் அனுப்பவில்லை. படம் எடுத்தவள் பெயர் இல்லாத கட்டுரையை எவனும் சீந்த மாட்டான் என்று தெரிகிற அளவுக்கு மட்டும் அத்தானுக்கு அறிவு இருந்தது.