பவனிப் பாட்டுக்கு மைனஸ் ஒன்று

...மைனஸ் ஒன்று போதுமா, இரண்டு போட்டுவிடலாமா, இரண்டு போட்டால் புஷ்பம் அக்கா கண்டுபிடித்துவிடுவாரோ என்று தபீதாள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பின் நிஜமான கணக்குத் தாள்கள் இரண்டு கட்டு திருத்தாமல் கிடந்தன, கிடக்கட்டும், சனிக்கிழமைதானே, நாளை ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவுக்கு முதல் ஒத்திகை, வருஷா வருஷம் பாடுகிற கிறிஸ்துமஸ் பவனிப் பாட்டு, அவளே மெட்டுப் போட்டு வயலின், குழல், ட்ரம்ஸ் என்று இந்த மென்பொருளில் வரிசை வரிசையாக அடுக்கிய பாட்டு. மூன்றாம் சரணத்தின் உச்சியில் புஷ்பம் அக்கா தனியாக ஏற வேண்டும், இந்த வருஷம் அங்கே குரல் உடைந்தால் தனிப்பாட்டு கிறிஸ்டிக்குத்தான் என்று குழுவின் செயலாளர் ஞானையா சார் சொல்லிவிட்டார். கிறிஸ்டி காலேஜ் படிக்கிற பெண், நன்றாகவே பாடுவாள், யார் இல்லை என்றது... ஆனால் அறுபது வயதில் அக்காவைக் கடைசி வரிசைக்குப் போய் நில்லுங்கள் என்று யார் சொல்வது? அதற்காகத்தான் மூன்று வருஷமாக இந்தத் திருட்டு வேலை. போன வருஷத்து ஃபைலைத் திறந்து, எல்லா வரிசைகளையும் பிடித்து, மைனஸ் ஒன்று என்று தட்டினால் பாட்டு முழுக்க அரைக்கட்டை இறங்கிவிடும், கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முதல் தடவை ட்ரம்ஸையும் சேர்த்துப் பிடித்து இறக்கிவிட்டாள், ட்ரம்ஸுக்கு ஏது சுருதி, தம்மென்று விழ வேண்டிய இடத்தில் வேறேதோ டொக்கு டொக்கு என்றது, பொழிச்சலூரிலிருந்து ஜோனத்தான் போன் பண்ணி, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் அக்கா என்று சிரித்தான். அவன்தான் கடைசியாக எல்லாவற்றையும் சரிபார்த்து, ஒலி கூட்டிக் குறைத்து, அவளுக்குத் திருப்பி அனுப்பிவைப்பவன்.

கிறிஸ்டி எந்தச் சுருதியிலும் பாடுவாள் என்று சார் அடித்துச் சொன்னாரே, பாட்டின் பழைய சுருதிதான் எவ்வளவு உயரம் என்று பார்க்க நான்கு வருஷத்துக்கு முந்தைய ஃபைலைத் திறந்தாள், மூன்றாம் சரணத்துக்குச் சற்று முன்னால் இருந்து ஓடவிட்டாள், அங்கேதான் எட்டுத் தாளவட்டம் அவளுடைய இடையிசை, ஆலயத்தில் அவளே கீபோர்டில் வாசிக்கிற இடம், விரல்கள் சரசரவென்று இறங்கி ஏறும்... என்ன இது, ஏன் இப்படி ஓடுகிறது? சுருதி உயர்ந்திருக்கலாம், வேகம் எப்படி உயரும்? தாளத்தின் வேகத்தைக் காட்டும் கோட்டைத் திறந்தாள், பழைய ஃபைலில் நிமிஷத்துக்குத் தொண்ணூற்றாறு தட்டில் தொடங்கி தொண்ணூற்றாறிலேயே முடிகிற நேர்கோடு. போன வருஷத்து ஃபைலிலும் நேர்கோடுதான், அந்த எட்டு வட்டத்தில் மட்டும் கேம்ப் ரோட்டுப் பள்ளம் மாதிரி எண்பத்துநான்குக்கு இறங்கி, சரணம் தொடங்கியதும் மறுபடி தொண்ணூற்றாறு. அதற்கு முந்தைய வருஷம் எண்பத்தெட்டு. அதற்கும் முன்னால் தொண்ணூற்றிரண்டு. வருஷத்துக்கு நான்கு. கணக்கு டீச்சர், மூன்று வருஷமாக இந்தப் பள்ளத்தின் மேல் உட்கார்ந்து வாசித்திருக்கிறாள், சுருதியை மட்டும் பார்த்தவளுக்கு இது கண்ணில் படவே இல்லை.

ஜோனத்தானுக்குப் போன் போட்டாள். ஒரு நிமிஷம்கா, ப்ளேன் போவுது என்றான், ஏர்போர்ட் பக்கத்து அவன் வீட்டில் எதுவும் ப்ளேன் போன பிறகுதான், பேச்சானாலும் பதிவானாலும். சத்தம் அடங்கியது.

"அந்த இடையிசையில மட்டும் ஏன்டா வேகம் குறையுது?"

"மூணாவது சரணத்துக்கு முன்னாடி குழு கொஞ்சம் மூச்சு வாங்கணும்லக்கா... அதான்."

தயாராக வைத்திருந்த பதில். அவளிடமும் ஒன்று தயாராக இருந்தது, சுருதி ஏன் இறங்கியது என்று கேட்டால், சபையாரும் சேர்ந்து பாட வசதியாக இருக்கும் சார் என்று ஞானையா சாருக்காக மூன்று வருஷமாக வைத்திருப்பது. சரிப்பா என்று வைத்துவிட்டாள். கோபம் வந்தது, யாரைக் கேட்டுக் குறைத்தான், என் விரலுக்கு என்ன கேடு... பள்ளத்தை அழித்து நேர்கோடாக்கி, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள். நான்காவது வட்டத்தில் மோதிர விரல் பின்தங்கியது. மறுபடி. மறுபடியும் அதே இடம். ஐந்தாவது தடவை பாட்டு அவளை விட்டுவிட்டுச் சரணத்துக்குப் போய்விட்டது. எண்பத்துநான்கில் வாசித்துப் பார்த்தாள், சுகமாக வந்தது, அந்தச் சுகம்தான் வலித்தது. இந்த வருஷம் எண்பது என்று முடிவு செய்து வைத்திருப்பானோ? நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒத்திகையில் அவள் இரண்டு தடவை தடுக்கியபோது, தான் கொடுத்த ஹெட்ஃபோன் சரியில்லை என்று தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டானே, அன்றைக்கேவா?

சுருதியில் மைனஸ் ஒன்று போட்டாள், ட்ரம்ஸை விட்டுவிட்டு. பள்ளம்... அழித்ததைத் திரும்ப வரவழைத்தாள், எண்பத்துநான்கு, அதற்குக் கீழே இல்லை, இந்த வருஷம் இல்லை. சேமித்து ஜோனத்தானுக்கு அனுப்பிவிட்டுத் தாள்கட்டை இழுத்தபோதுதான் அந்த டப்பா ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் முதல் ஒத்திகை முடிந்ததும் புஷ்பம் அக்கா ஒரு டப்பா கலகலா பலகாரம் கொண்டுவந்து அவள் கையில் மட்டும் திணிப்பார், கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கே அக்கா என்றால், இருக்கட்டும்மா, நீ சாப்பிடு என்பார். எத்தனை வருஷமாக? விரல் விட்டு எண்ணினாள். மூன்று. அப்படியானால் அக்காவுக்கு முதல் வருஷமே தெரியும். சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்து, நாளைக்கு ஜோனத்தானுக்குக் கொண்டுபோக என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள், கொடுத்தால் தனக்குத் தெரிந்துவிட்டது அவனுக்குத் தெரிந்துவிடுமே என்று கை நடுவில் நின்றது.